சோகோகின் ரோபோ சேகரிப்பு: எடையைப் பார்ப்பதா, மூட்டுகளைப் பார்ப்பதா?

“அனிமே ரோபோக்களின் டைகாஸ்ட் (உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்த) பொம்மைகளைச் சேகரிக்க ஆசை. பழைய பாப்பி கம்பெனிச் சரக்கை வாங்கலாமா, இப்போது பாண்டாய் வெளியிடும் ‘சோல் ஆஃப் சோகோகின்’ வரிசையை வாங்கலாமா? உலோகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா? பெட்டி பிரிக்காததையே தேட வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமான பதில்: புதியதில் தொடங்குங்கள். எடையைப் பார்த்து வாங்காதீர்கள். பெட்டி பிரிக்கவில்லை என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த உலோகம். அது ஏன் இந்தப் பொம்மைகளுக்குள் வந்தது, உள்ளே என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

ஜப்பானியக் காமிக்ஸ் ஓவியர் கோ நாகாயின் ‘மாசிங்கர் இசட்’ 1972 டிசம்பரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. மனிதன் உள்ளே ஏறி உட்கார்ந்து ஓட்டும் ராட்சத ரோபோ என்ற வகையே அதிலிருந்துதான் பெருகியது. கதைப்படி மாசிங்கரின் உடம்பு ‘சோகோகின் இசட்’ என்ற அதிசய உலோகக் கலவையால் ஆனது. ஃபூஜி மலையடியில் மட்டும் கிடைக்கும் ‘ஜப்பானியம்’ என்ற கனிமத்திலிருந்து அதை எடுப்பார்கள். பாண்டாயின் துணை நிறுவனமான பாப்பி, 1973-இல் மாசிங்கரை ஏறக்குறைய 60 செ.மீ. உயரத்தில் ‘ஜம்போ மெஷிண்டர்’ என்ற பெயரில் விற்றது. ஷாம்பு பாட்டில் செய்யும் அதே பாலிஎத்திலீன்தான். கையில் எடுத்தால் காற்றுப்போல இருக்கும். ஆனால் பிள்ளைகள் அதற்கே அடித்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1974-இல், பாப்பி நேர் எதிர்த் திசையில் போனது. உள்ளங்கைக்குள் அடங்கும் மாசிங்கர். உடம்பு துத்தநாகக் கலவை. முழங்கையில் ஸ்பிரிங், அழுத்தினால் முஷ்டி பறக்கும். எண் ஜிஏ-01. கதையில் வந்த உலோகத்தின் பெயரையே பொம்மை வரிசைக்கு வைத்தார்கள்: சோகோகின். என் கணிப்பில் பொம்மை வியாபார வரலாற்றின் மிகப் புத்திசாலித்தனமான பெயர்சூட்டல் இது. பாப்பியின் வடிவமைப்பாளர் கட்சுஷி முராகாமியும் அவருடைய குழுவும் குழந்தையின் கையில் கொடுத்தது ரோபோவின் உருவத்தை மட்டுமல்ல, ‘இது உண்மையிலேயே இரும்பு மனிதன்’ என்று நம்ப வைக்கும் குளிர்ச்சியையும் கனத்தையும்தான். எடை ஒரு கதைச் சரக்கு. பொம்மையின் பலத்துக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. இதை மறந்துவிட்டுத்தான் பலர் தராசை வைத்துக்கொண்டு விமர்சனம் எழுதுகிறார்கள்.

இந்தப் பொம்மைகளில் இருப்பது இரும்பே அல்ல. துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியமும், துளியளவு மக்னீசியமும், சில வகைகளில் தாமிரமும் கலந்த ‘ஸாமக்’ என்ற கலவை. 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஸிங்க் கம்பெனி உருவாக்கியது. 400 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே உருகிவிடும் என்பதால் எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி நொடிகளில் கெட்டியாக்கி எடுத்துவிடலாம். கூரான விளிம்புகளும் நுணுக்கமான கோடுகளும் அப்படியே விழும். அச்சுக்கு ஆகும் செலவு அதிகம்; ஆயிரக்கணக்கில் வார்த்தால்தான் கட்டுப்படியாகும். பொம்மைகளில் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைவிட இந்தக் கலவை ஏறக்குறைய ஆறு மடங்கு அடர்த்தியானது. பெரிய ரோபோவை முழுக்க உலோகத்தில் வார்த்தால் அதன் மூட்டுகள் அதன் எடையையே தாங்காது.

ஆகவே நல்ல வடிவமைப்பாளர் உலோகத்தைக் கீழே வைப்பார். பாதம், கணுக்கால், முழங்கால், தொடையின் உள்சட்டம், இடுப்பு ஆகியவை உலோகம். மார்பின் வெளிக்கவசம், தோள், தலை, இறக்கை ஆகியவை பிளாஸ்டிக். அப்போதுதான் ரோபோ நிற்கும். தோளும் முன்கையும் முழு உலோகமாக இருந்தால் உயர்த்திய கை சில வாரங்களில் மெல்ல இறங்கும். கை இறங்கிய ரோபோ அலமாரியில் சோர்ந்துபோன காவலாளியைப்போல நிற்கும். கடையில் பொம்மையைத் தொட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இதைச் செய்யுங்கள்: இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஒரு காலை மட்டும் முன்னால் நகர்த்துங்கள். ‘டக், டக்’ என்று பல் பல்லாக விழுந்து நின்றால் உள்ளே ராட்செட் மூட்டு இருக்கிறது; கனத்தைத் தாங்கும். சத்தமே இல்லாமல் வழுக்கிப் போய் நின்றால் அது வெறும் உராய்வில் நிற்பது. புதிதாக இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், பிறகு தளரும். அப்புறம் கணுக்காலைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். கால்களை அகட்டி வைக்கும்போது பாதம் தரையில் முழுதாகப் படிந்தால் வாங்கலாம். விளிம்பில் மட்டும் நின்றால் அந்த ரோபோ ஆயுள் முழுக்க ‘அட்டென்ஷன்’ நிலையில்தான் நிற்கும்.

இணையும் ரோபோக்களில்தான் இந்தக் கலை உச்சம் தொட்டது. 1974-இல் வந்த ‘கெட்டர் ரோபோ’வில் மூன்று விமானங்கள் சேர்ந்து ரோபோவாகும், சேரும் வரிசையை மாற்றினால் வேறு ரோபோ. திரையில் உலோகம் ரப்பர்போல வளைந்து நெளிந்துவிடும். அதைப் பொம்மையில் செய்ய முடியாது. பாப்பி மூன்று ரோபோக்களையும் தனித்தனியாக விற்றுத் தப்பித்துக்கொண்டது. 1975-இன் ‘ரைடீன்’ பொம்மை பறவையாக மாறியது. 1976-இன் ‘கோம்பாட்லர் வி’யில்தான், ஐந்து வாகனங்கள் படத்தில் எப்படிச் சேர்கின்றனவோ அப்படியே கையிலும் சேரும்படி, பொம்மையையும் படத்தையும் ஒன்றாக யோசித்து வடிவமைத்தார்கள். ஐந்தையும் தனித்தனியாகவும் விற்றார்கள். ஒன்றை வாங்கிக் கொடுத்த அப்பா ஐந்தையும் வாங்கித்தானே தீர வேண்டும்!

1977-இன் ‘வோல்டஸ் வி’ அதன் அடுத்த படி. ஐந்து வாகனங்களில் குரூசர் தலையாகும், பாம்பர் கைகளாகும், பான்சர் உடம்பாகும், ஃப்ரிகேட் கால்களாகும், லேண்டர் பாதங்களாகும். பிலிப்பைன்ஸில் இந்தத் தொடருக்கு இருந்த மவுசு ஜப்பானில்கூட இல்லை. 1979-இல் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் அரசு, வன்முறையைக் காரணம் காட்டி, கடைசிச் சில அத்தியாயங்கள் பாக்கி இருக்கும்போதே ஒளிபரப்பைத் தடை செய்தது. பேரரசனை எதிர்த்து அடிமைகள் கிளர்ந்தெழும் கதை அது. தடைக்கு உண்மைக் காரணம் அதுதான் என்று அங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள். முடிவு தெரியாமல் வளர்ந்த அந்தத் தலைமுறை பெரியவர்களாகிச் சம்பாதிக்கத் தொடங்கியதும் வோல்டஸ் பொம்மைகளைத் தேடித் தேடி வாங்கியது. 2023-இல் அங்கேயே மனித நடிகர்களை வைத்துத் தொடராகவும் எடுத்தார்கள். இதைப் போலவே பிரான்ஸில் 1978-இல் ‘கோல்டோராக்’ என்ற பெயரில் போன ‘கிரெண்டைசர்’. இத்தாலியிலும் அரபு நாடுகளிலும் அதே பைத்தியம். எந்த ரோபோவுக்கு எந்த ஊரில் விலை ஏறும் என்பதை அந்த ஊரின் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல் சொல்லிவிடும்.

அமெரிக்கக் கதை கொஞ்சம் வேறு. 1970-களின் பிற்பகுதியில் மேட்டல் நிறுவனம் பாப்பியின் பொம்மைகளை ‘ஷோகன் வாரியர்ஸ்’ என்று விற்றது. 1981-இன் ‘கோலயன்’ 1984-இல் ‘வோல்ட்ரான்’ ஆக மறுபிறவி எடுத்தது. டகாராவின் ‘டயக்ளோன்’, ‘மைக்ரோமேன்’ பொம்மைகள் அதே 1984-இல் ஹாஸ்ப்ரோவின் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ ஆயின. 1982-இல் டகடோகு நிறுவனம் செய்த, ‘மேக்ராஸ்’ தொடரில் ரோபோவாக மாறும் வால்கிரி விமானம், அந்த நிறுவனம் மூழ்கியபின் அச்சுகள் கைமாறி, ‘ஜெட்ஃபயர்’ என்று டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பெட்டிக்குள்ளேயே வந்தது. நீங்கள் சிறுவயதில் ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்று நினைத்து ஆசைப்பட்ட பல பொம்மைகளுக்கு முன்ஜென்மம் உண்டு.

இதற்குள் ஜப்பானில் உலோகத்துக்கு மவுசு குறைந்துவிட்டது. 1979-இன் ‘கண்டம்’ (Gundam) என்ற ரோபோ தொடருக்கு விளம்பரதாரரான குளோவர் நிறுவனம், உலோகப் பொம்மைகளை விற்கப் பார்த்தது, விற்கவில்லை. 52 அத்தியாயங்கள் திட்டமிட்ட தொடர் 43-இல் நின்றது. அடுத்த ஆண்டு பாண்டாய் அதே ரோபோவை 300 யென் விலையில், நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடலாக வெளியிட்டது. கடைகளில் வரிசை நின்றது. குளோவர் 1983-இல் திவாலானது. பாப்பியும் அதே ஆண்டில் பாண்டாயோடு இணைக்கப்பட்டது.

1997 டிசம்பரில் ‘சோல் ஆஃப் சோகோகின்’ ஜிஎக்ஸ்-01 மாசிங்கர் வந்தபோது அதை வாங்கியவர்கள், 1974-இல் முதல் மாசிங்கரோடு விளையாடிய அதே பிள்ளைகள். இப்போது மாதச் சம்பளக்காரர்கள். பெட்டி மேலேயே 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருக்கும். பழைய சோகோகினில் இல்லாத படவடிவம், மூட்டுகள், நிறுத்திவைக்கும் தாங்கி எல்லாம் இதில் உண்டு. அந்த வரிசை இன்று நூறு எண்ணைத் தாண்டிவிட்டது.

இனி உங்கள் கேள்விகள்.

முதலில் எதை வாங்குவது? எண் வரிசையைத் துரத்தாதீர்கள். ஜிஎக்ஸ்-01 முதல் எல்லாவற்றையும் வாங்கியே தீருவேன் என்று இறங்கியவர்கள் பெரும்பாலும் பிடிக்காத பத்து ரோபோக்களை வீட்டில் வைத்துக்கொண்டு, பிடித்த ஒன்றுக்கு இடமில்லாமல் தவிப்பார்கள். நீங்கள் பார்த்து ரசித்த தொடரின் ரோபோ ஒன்றை எடுங்கள். அந்த ரோபோவுக்குப் பல பதிப்புகள் இருந்தால் பிந்தைய பதிப்பைப் பாருங்கள். வோல்டஸில் ஜிஎக்ஸ்-31 அழகான கட்டி. ஐந்தும் சேரும், கனமும் திருப்தி தரும், ஆனால் சேர்ந்தபின் அசைவு குறைவு. பின்னால் வந்த ஜிஎக்ஸ்-79 அசைவை முதன்மையாக வைத்துச் செய்தது. மாசிங்கரில் ஜிஎக்ஸ்-70-இல் திரையில் வரைந்த உடல்வாகு அப்படியே இருக்கும்; 50-ஆம் ஆண்டை ஒட்டி வந்த ஜிஎக்ஸ்-105 இன்னும் சுறுசுறுப்பு. சேரும் ரோபோதான் வேண்டும், இடமும் இருக்கிறது என்றால் ஜிஎக்ஸ்-71 கோலயன்: ஐந்து சிங்கங்கள், சேர்ந்தால் சுமார் 27 செ.மீ. சிங்கங்களை ஒவ்வொன்றாகப் பூட்டும்போது வரும் ‘கிளிக்’ சத்தத்துக்கே காசு தகும். ஆனால் முதல் முறை சேர்க்கும்போது கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் திறக்காமல் இழுத்தால் பெயிண்ட்தான் முதலில் போகும்.

பாண்டாயை விட்டால் வேறு வழியில்லை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் சென்டினல் ‘ரியோபோட்’ என்று தருகிறது. சிசிஎஸ் டாய்ஸ், ஆக்‌ஷன் டாய்ஸ், த்ரீஸீரோ ஆகியவை உரிமம் பெற்றே செய்கின்றன. சிசிஎஸ் ரோபோக்கள் படத்தில் உள்ளதுபோல இருக்காது, நவீன உடற்கட்டு. சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. எனக்கு அவ்வளவு கூர்மையான மாசிங்கரைப் பார்த்தால் வேறு யாரோபோலத் தெரிகிறது. கண்டம் பிரியர்களுக்கு 2011-இல் தொடங்கிய ‘மெட்டல் பில்ட்’ உண்டு. அதில் உலோகம் பெரும்பாலும் உள்சட்டத்தில் மறைந்திருக்கும். விலை மட்டும் மறையாது.

பழைய பாப்பி? ஆசைப்பட்டால் வாங்குங்கள், ஆனால் இரண்டாம் ஆண்டில். பழையதில் முதலில் தொலைவது முஷ்டியும் ஏவுகணையும். இன்று சந்தையில் உள்ள பலவற்றில் மறுவார்ப்பு முஷ்டிகள்தான் மாட்டியிருக்கின்றன. அதில் தவறில்லை, விற்பவர் சொல்லிவிட்டால். படம் கேட்கும்போது முன்பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். அக்குள், முழங்காலின் பின்புறம், முஷ்டியின் அடி, பாதத்தின் அடி ஆகியவற்றைக் கேளுங்கள். போலியில் பெரும்பாலும் முடிந்த பொம்மையிலிருந்தே அச்சு எடுத்திருப்பார்கள். அதனால் அளவு கொஞ்சம் சுருங்கும், கோடுகள் மழுங்கும், திருகின் குழி ஆழம் குறையும். அசலின் நல்ல படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வாய், கொம்பு, விரல் இடுக்கு மூன்றிலும் இது காட்டிக்கொடுக்கும்.

மருந்தில்லாத நோய் ஒன்றும் உண்டு. ‘ஜிங்க் பெஸ்ட்’ என்பார்கள். வார்க்கும்போது துத்தநாகத்தில் ஈயம், வெள்ளீயம், காட்மியம் போன்ற அசுத்தம் மிகச் சிறிதளவு கலந்திருந்தாலும், வருடங்கள் போகப்போக ஈரக்காற்றில் உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு நுழைந்து, உடம்பு வீங்கி, மெல்லிய விரிசல் விட்டு, கடைசியில் பிஸ்கட்டைப்போல உதிரும். எல்லாப் பொம்மைக்கும் வருவதில்லை. வார்த்த நாளிலேயே விதி எழுதப்பட்டுவிடுகிறது. பெயிண்டின் அடியில் மயிரிழைக் கோடுகள், காரணமில்லாமல் உப்பிய பெயிண்ட், முன்பு கழன்ற பாகம் இப்போது கழலாமல் இறுகியிருப்பது ஆகியவை அறிகுறிகள். அப்படி ஒன்றைப் பார்த்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பெயிண்ட் உரிந்த இடத்தில் வெள்ளைப் பொடி படிவது வேறு. அது மேலோட்டமான ஆக்சைடு, துடைத்துக் காப்பாற்றலாம்.

பெட்டி பிரிக்காதது பற்றிச் சேகரிப்பாளர்கள் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். இருந்தும் சொல்கிறேன்: இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ரோபோவில் பிரிக்காத பெட்டியைவிடப் பிரித்துக் காற்றோட்டத்தில் வைத்துப் பராமரித்ததே மேல். பெட்டிக்குள் மென்மையான பிவிசி பாகங்களும் கடினமான ஏபிஎஸ் பாகங்களும் வருடக்கணக்கில் உரசிக்கொண்டு கிடக்கும். பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப்பசை கசிந்து பக்கத்துப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பெயிண்டை ஒட்ட வைக்கும். ஸ்டிக்கர்ப் பசை மஞ்சளாகும். பெட்டி பிரிக்காததால் இதில் எதையும் பார்க்க முடியாது. பத்திரமாக முத்திரையிட்ட பெட்டிக்கு நீங்கள் கொடுக்கும் உபரிப் பணம், உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்க்காமலிருப்பதற்கான கட்டணம்தான். ஜப்பானின் பழைய பொருள் கடைகளில், டோக்கியோ நகானோ பிராட்வேயின் மண்டராகேபோன்ற இடங்களில், பிரித்தவற்றின் குறைகளைத் தனியாக எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. ஆமியாமி என்ற ஜப்பானிய விற்பனைத் தளத்தில் பொருளுக்கு ஒரு தரம், பெட்டிக்கு ஒரு தரம் என்று இரண்டு எழுத்துகள் போடுவார்கள். பொருள் ‘ஏ’, பெட்டி ‘பி’ என்று இருப்பதைத் தேடுங்கள். விலை குறையும், பொம்மை குறையாது.

விலை விஷயம்: அறிவிப்பு, முன்பதிவு, சில மாதங்கள் கழித்து வெளியீடு என்பதுதான் நடைமுறை. முன்பதிவு முடிந்ததும் மறுவிற்பனைக்காரர்கள் விலையை ஏற்றுவார்கள். பதற்றப்பட்டு வாங்காதீர்கள், பிரபலமான ரோபோக்களைப் பாண்டாய் மறுபதிப்பு செய்கிறது, அன்றே ஏறிய விலை இறங்கும். பாண்டாயின் ‘டமாஷி வெப் ஷாப்’ என்ற நேரடி விற்பனைக்கு மட்டும் வரும் வண்ணப் பதிப்புகள் மறுபடி வருவது குறைவு. ஆனால் முதல் பொம்மையாக அவற்றில் போய் விழ வேண்டியதில்லை.

இந்தியாவிலிருந்து வாங்குவோர் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கத் தீர்வை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்குப் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் கட்டாயம். இந்த ரோபோக்கள் உள்ளூர்க் கடைகளில் அபூர்வமாக இருப்பதற்குத் தீர்வையும் ஒரு காரணம். கூரியர்காரர்கள் எடை, கன அளவு இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவார்கள். டைகாஸ்ட் ரோபோவுக்கு இரண்டுமே அதிகம். பொம்மை விலை அளவுக்கே அனுப்பும் செலவும் தீர்வையும் சேர்ந்து வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதனால்தான் இரண்டு சிறியதைவிட ஒரு பெரியதை வாங்குவது சில சமயம் சிக்கனம்.

பராமரிப்பில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். வியர்வை உப்பு உலோகத்துக்கு ஆகாது. நேர்வெயில் படாத கண்ணாடி அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். கடலோர ஊர்க்காரர்கள் பொட்டலத்தைப் புதுப்பிக்க மறக்கக் கூடாது. தூசிக்கு மேக்கப் பிரஷ் போதும், ஈரத்துணி வேண்டாம். முலாம் பூசியதுபோல மின்னும் பிளாஸ்டிக் பாகங்களைத் துடைக்கவே துடைக்காதீர்கள். அந்தப் பளபளப்பு நகத்தின் தடிமன்கூட இல்லாத பூச்சு. ரோபோவைப் பாய்வதுபோல ஒற்றைக்காலில் நிறுத்திப் படம் எடுங்கள், எடுத்தபின் இரு காலில் நிறுத்திவிடுங்கள். கண்ணில் விளக்கு எரியும் ரோபோவானால், விளையாடி முடித்ததும் பட்டன் பேட்டரியை எடுத்துத் தனியே வையுங்கள். பேட்டரி கசிந்து தொட்டியின் தகடு பச்சை பூத்தபின் அந்தக் கண் மறுபடி எரிவது கடினம்.